டிரம் அண்ட் பேசு

இந்த விவரத்தை ஒன்பது வருடங்களாக நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. காலையில் கடையைத் திறக்கும்போது நம்பாமலும், பொழுது சாய்ந்து ஷட்டரை இறக்கும்போது பாதி நம்பியும் இருந்திருக்கிறேன். ஈரோட்டில் ஒலிபெருக்கிகளுக்குக் கம்பிக் காயில் சுற்றி, கிழிந்த காகிதக் கோனை எடுத்துவிட்டுப் புதுக் கோன் ஒட்டிக் கொடுப்பது என் தொழில். காகிதமும் காந்தமும் செம்புக் கம்பியும் சேர்ந்து காற்றைத் தள்ளினால் அதற்குப் பெயர் சத்தம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று முப்பது வருடம் பிழைத்தவனிடம் ஒருவர் வந்து, எங்கள் ஊரை விட்டு பேஸ், பாட்டின் அடியில் முழங்கும் அந்தக் கீழ்ச்சத்தம், எழுந்து போய்விட்டது என்று சொன்னால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சொன்னவர் பூபதி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓலப்பாளையத்தில் தறி பிட்டர். பழுதான விசைத்தறிகளை ஓடவைப்பவர். ஒரு ஐப்பசி மாதக் காலையில் மினி டெம்போ நிறைய ஸ்பீக்கர்களை ஏற்றிவந்து என் கடை வாசலில் இறக்கினார். கோயில் ஸ்பீக்கர், டீக்கடை ஸ்பீக்கர், கல்யாண மண்டபத்தில் பேஸுக்கென்றே வைத்திருக்கும் பதினெட்டு இன்ச் ஊஃபர்கள் நான்கு, பள்ளிக்கூடத்துப் பெட்டி ஒன்று.

"எல்லாத்துலயும் பேஸ் போயிருச்சுங்" என்றார்.

"எல்லாத்துலயுமா?"

"ஊர்லயே போயிருச்சுங். இது சும்மா, உங்ககிட்ட காட்டலாம்னு."

ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் குறையில்லை. ஊஃபரை முடுக்கியதும் அலமாரியிலிருந்த திருகாணி டப்பா தானாக நகர்ந்து கீழே விழுந்தது, பூபதி என் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "மூணு மாசமாச்சுங் இதக் கேட்டு" என்றார். அதன் பிறகு அவர் ஸ்பீக்கர் கொண்டுவரவில்லை. மாதத்துக்கு ஒரு முறை சும்மா வந்து உட்கார்ந்து, டீ குடித்து, ஊரில் நடப்பதைச் சொல்லிவிட்டுப் போவார். நான் எழுதுவதில் பெரும்பகுதி அவர் வாயால் கேட்டது.

ஓலப்பாளையத்துக்கு அந்த இசையைக் கொண்டுவந்தவள் தாரணி, பூபதியின் செத்துப்போன அக்காவின் மகள். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு லேப்டாப்போடு ஊருக்குத் திரும்பியவள், தன் அப்பா அர்த்தநாரி நெய்யும் பட்டறையில் ஒரு மதியம் அதைப் போட்டுக் காட்டினாள். டிரம் அண்ட் பேஸ் என்று உலகத்தில் ஒரு வகை இசை இருக்கிறது, அது நிமிடத்துக்கு நூற்று எழுபத்து நான்கு தாள அடி ஓடும், அதற்குக் கீழே பேஸ் பாதி வேகத்தில் நடந்து வரும். ஓலப்பாளையத்தில் தறிகளும் ஏறக்குறைய நூற்று எழுபத்து நான்கு அடிதான் ஓடும். பிறந்ததிலிருந்து அந்த வேகத்தில் தூங்கி அந்த வேகத்தில் சாப்பிட்ட ஜனங்கள், தங்கள் ஊர்ச் சத்தத்தை யாரோ கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு கேட்டுத் திருத்தி அனுப்பியது போல அதைக் கேட்டார்கள், கேட்டு ஒரே மாதத்தில் அதில் பித்தானார்கள். டீக்கடையில் அரசியல் குறைந்தது. தாளத்தை உடைத்து அடுக்குவதில் எது நல்ல உடைசல், எது வெறும் இரைச்சல், எவன் அடியை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் வைத்திருக்கிறான் என்பதில் சண்டை வந்தது. ரசிகர் மன்றம் வந்தது, அதற்கு ஃப்ளெக்ஸ் வந்தது.

அந்த ஊரில் எல்லோரையும் விட நன்றாகக் கேட்டவர் அர்த்தநாரிதான் என்று பூபதி சொல்வார், சொல்லும்போது அவர் குரலில் பொறாமை இருக்காது. முப்பத்திரண்டு வருடம் தறிக்கு நடுவில் நின்றதில் அவருக்குக் காதின் மேல் பகுதி முழுக்கப் போயிருந்தது. குயில் கிடையாது, கொலுசு கிடையாது, மகளின் பேச்சு கிடையாது. கீழே மட்டும் மிச்சமிருந்தது. பேஸ் வந்தால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார், உள்ளங்காலில் வாங்கி மார்பு வரை ஏற்றிக்கொள்வார், ஒரு அடி தப்பினால் ஊரில் முதலில் திரும்பிப் பார்ப்பது அவராகத்தான் இருக்கும்.

அப்படி இருக்கும்போது தாரணி சொந்தமாக ஒன்று செய்தாள். 'நாடா' என்று பெயர், தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்கிற நாடா. பதினோரு நிமிடம். முதல் ஏழு நிமிடம் தறிச் சத்தத்தை உடைத்து உடைத்து அடுக்கிய டிரம் மட்டும். அது சட்டென்று நிற்கும். கடைசி நான்கு நிமிடம் பேஸ் மட்டும். அந்தக் கடைசி நான்கு நிமிடம் அவ்வளவு கீழே இருந்ததால் செல்போனிலும் டீக்கடை ஸ்பீக்கரிலும் ஒன்றுமே கேட்காது, மண்டபத்து ஊஃபரில் போட்டால்தான் கேட்கும். ஊர் இரண்டாகப் பிரிந்தது.

"நாலு நிமிசம் ஒண்ணுமே இல்ல. புள்ள நம்மள ஏமாத்துது" என்று ஒரு கட்சி.

"உனக்குக் கேக்காட்டி இல்லைன்னு ஆயிருமா? உன்ற பொண்டாட்டி சொல்றதும்தான் உனக்குக் கேக்கறதில்ல" என்று டீ மாஸ்டர் சென்னியப்பன்.

"நீ டீயப் போடு மொதல்ல. சக்கர போட்டியா இல்ல அதும் கீழயே இருக்குதா?"

கடைசியில் மன்றம் ஒரு முடிவுக்கு வந்தது. ஆடிப் பதினெட்டுக்குத் தறிகள் நிற்கும். அன்று மதியம் மண்டபத்தில் பட்டிமன்றம். தலைப்பு, டிரம் அண்ட் பேஸில் உயிர் இருப்பது டிரம்மிலா, பேஸிலா. தீர்ப்பு முடிந்ததும் பெரிய ஊஃபர்களில் 'நாடா' முழுவதும். டிரம் அணிக்குப் பூபதி, பேஸ் அணிக்குச் சென்னியப்பன், நடுவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் புலவர் நஞ்சப்பன். புலவர் அதுவரை அந்த இசையைக் கேட்டதே இல்லை. பத்து நாள் அவகாசம் கேட்டு, தாரணியிடம் ஹெட்போன் வாங்கி, தினமும் குளித்துவிட்டு உட்கார்ந்து, நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டாராம். இந்த ஒரு தகவலை நான் என்றும் சந்தேகித்ததில்லை.

ஃப்ளெக்ஸ் கடைக்காரன் பேஸ் என்ற சொல்லை அதற்கு முன் அடித்ததில்லை. எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டான். பத்தடி நீளத்தில், மஞ்சள் எழுத்தில், டிரம் அண்ட் பேசு என்று மண்டப வாசலில் தொங்கியது.

சென்னியப்பன்தான் முதலில் பேசினார். "டிரம்மைக் கேட்டா எனக்குக் காது ஆடுதுங். பேஸைக் கேட்டா நான் உக்காந்திருக்கற சேரே ஆடுது, பாய்லர்ல தண்ணி ஆடுது. எதுங் பெருசு? காதா, ஒடம்பா? அம்மா வவுத்துக்குள்ள இருந்தப்ப நமக்கு என்ன கேட்டுச்சு? டிரம்மா கேட்டுச்சு? மேல எவனோ பேசற மாதிரி, வார்த்தை தெரியாம, முழுக்க பேஸுதானுங்." மண்டபம் கை தட்டியது. பெண்கள் பக்கம் அதிகம் தட்டியதாகப் பூபதி சொல்வார்.

பிறகு பூபதி எழுந்தார். அவர் பேச்சுக்காரர். டிரம் இல்லாத பேஸ் பக்கத்து வீட்டு மிக்சி என்றார். தறி ஓடினால்தான் துணி, தறிக்குக் கீழே தரை ஆடுவதை எவனாவது வேட்டியாகக் கட்டியிருக்கிறானா என்றார். சிரிப்பில் மண்டபம் அவர் பக்கம் சாய்வதைப் பார்த்ததும் வாசலில் தொங்கிய ஃப்ளெக்ஸைக் கையால் காட்டினார்.

"என்ன போட்டிருக்குது பாருங். பேசு. பத்து நாளா ஊரு பேசுது, புலவரய்யா பேசறாரு, சென்னியப்பன் மூச்சுவிடாமப் பேசறான். பேசாதது ஒண்ணே ஒண்ணுதான்." மைக்கை எடுத்துக்கொண்டு போய் ஊஃபர் வாயில் வைத்தார். "பேஸே, உன்ற பேரே பேசுதான். உனக்கு உசுரு இருந்தா ஒரு வார்த்தை பேசு. நாங்க கேட்டுட்டுத் தோத்துக்கறோம்."

மண்டபம் காத்திருந்தது. ஊஃபர் சும்மா இருந்தது. சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரை ஏறியது. புலவர் நஞ்சப்பன் எழுந்து, தன் தரப்பைத் தானே எடுத்துரைக்க இயலாத ஒன்றுக்கு உயிர் உண்டென்று கொள்வதற்கில்லை, ஆகவே உயிர் டிரம்மிலேயே என்று தீர்ப்பளிக்கிறேன் என்றார்.

அப்போது அது எழுந்து போனது. யாரும் பார்க்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. ஆட்களுக்கு நடுவே ஒரு பெரிய எருமை, அதட்டல் வாங்கிய எருமை, யாரையும் இடிக்காமல், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து போனால் எப்படியிருக்குமோ அப்படி நாற்காலிகள் ஒதுங்கின, டம்ளர்களில் தண்ணீர் சரிந்து நின்றது, அது மண்டபப் படி இறங்கி, தெரு தாண்டி, துறையில் முளைப்பாரி விட்டுக்கொண்டிருந்த பெண்களின் முழங்காலைத் தொட்டுக்கொண்டு காவேரிக்குள் போயிற்று. தாரணி 'நாடா'வைப் போட்டாள். டிரம் ஏழு நிமிடம் ஓடி நின்றது. பிறகு நான்கு நிமிடம் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. முன் வரிசையில் செருப்பில்லாமல் நின்ற அர்த்தநாரி, கரண்ட் போய்விட்டதா என்று பக்கத்து ஆளிடம் சைகையில் கேட்டார்.

அன்றிலிருந்து ஓலப்பாளையத்தில் கீழ்ச்சத்தம் கிடையாது. ஐப்பசி இடி காகிதம் கிழிகிற மாதிரி இடித்தது. தறிகள் கத்தரிக்கோல் போலச் சத்தமிட்டன. கல்யாணங்களில் தவிலின் வலது பக்கம் மட்டும் பேசியது, இடது பக்கத்தைத் தவில்காரர் மரியாதைக்குத் தட்டிக்கொண்டிருந்தார். ஆண்கள் எல்லோருக்கும் பன்னிரண்டு வயதுக் குரல் வந்துவிட்டது, அதில் திட்டினால் யாரும் பயப்படவில்லை, ஆகவே திட்டுவது குறைந்தது. எத்தனையோ வீடுகளில் பெண்கள் முதல் முறையாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கிய இடத்திலிருந்து முடிக்கிற இடம் வரைக்கும் சொன்னார்கள். குழந்தைகள் நன்றாகத் தூங்கின. தேர்தலுக்கு வந்த பேச்சாளர்கள் வாயைத் திறந்ததும் கூட்டம் சிரித்ததால் கட்சிகள் எல்லாம் மேடையை ஆற்றுக்கு இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டன. பாலத்தில் பதினோராவது தூண் தாண்டியதும் குரல் திரும்பிவிடும் என்று ஒரு லாரி டிரைவர் கண்டுபிடித்தார். அதன் பிறகு பெண் கேட்பவர்கள், சத்தியம் செய்பவர்கள், சொத்துக்கு மத்தியஸ்தம் பேசுபவர்கள் எல்லோரும் அங்கே நடந்து வந்தார்கள். வீட்டில் வாக்குவாதம் முற்றினால், "வா, பாலத்துக்குப் போயிப் பேசிக்கலாம்" என்பது வழக்கமாயிற்று. போய்ச் சேருவதற்குள் பாதிப் பேர் சமாதானமானார்கள்.

ஊர் பழகிக்கொண்டது. அர்த்தநாரியால் முடியவில்லை. அவருக்கு இருந்ததே அது ஒன்றுதான். நாடா தப்பிப் பாய்வதைத் தரை அவருக்குச் சொல்லும். தரை சொல்வதை நிறுத்தியதும் பட்டறைக்காரர் அவரைத் தறியிலிருந்து எடுத்துப் நெய்த துணியை மடிக்க உட்கார வைத்தார்.

கார்த்திகையில் தாரணி அப்பாவைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவருக்குக் கேட்டது. ஊஃபரில் வேறு இசையைப் போட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்ட் தரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அவள் கேட்க வைக்க வந்தது அதை அல்ல. 'நாடா'வின் கடைசி நான்கு நிமிடத்தை என் கணினியில் திறந்தாள். அலை இருக்க வேண்டிய இடத்தில் அசையாத கோடு. சேமிக்கும்போது ஏதோ தப்பாகியிருக்கும் கண்ணு, திரும்ப ஒரு தடவை செய்துவிடலாமே என்றேன்.

"அது மியூசிக் இல்லீங்ண்ணா. அதுல நான் பேசியிருக்கேன்" என்றாள். "என் குரலக் கீழ, கீழ, கீழ எறக்கி, அப்பாவுக்குக் கேக்கற எடத்துக்குக் கொண்டு போனேன்."

"நேரா சொல்லக் கூடாதா?"

"அவருக்குச் சொல்லணும்னா கத்தணும். கத்துனா தெரு பூரா கேக்கும். எழுதிக் குடுத்தா அவருக்குப் படிக்கத் தெரியாது."

வெளிநாட்டில் ஒலியைப் பற்றியே படிக்கிற ஒரு கல்லூரி அவளை அழைத்திருந்தது. சித்திரைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஊர் அவளைப் பூபதியின் மகனுக்கு என்று எப்போதோ முடிவு செய்திருந்தது, அதைப் பூபதியே என் கடைக்கு வந்த முதல் நாளில் பெருமையாகச் சொல்லியிருந்தார். அப்பா சரி என்றால் மட்டும் போவேன், இல்லையென்றால் இருந்துவிடுவேன், இதை ஊரில் அப்பாவிடம் மட்டும்தான் சொல்வேன் என்றாள். திரும்பப் பதிவு செய்ய என் கடை மைக்கைக் கொடுத்தேன். அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "மறுக்காச் சொல்ல எனக்குத் தைரியம் வரலீங்ண்ணா."

என் கடையில் நடந்ததால் இதற்கு நான் சாட்சி. ஆனாலும் அந்தக் கோடு ஒரு பிழையாகத்தான் இருக்கும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் பாதி நினைக்கிறேன்.

அவர்கள் போன பிறகு, அடுத்த தடவை பூபதி வந்தபோது அந்த நான்கு நிமிடத்தில் பேச்சு இருந்தது என்பதை மட்டும் சொன்னேன். என்ன பேச்சு என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு நடந்ததை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், ஒரு முறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

மன்றத்தைக் கூட்டினார். நாம் பேசு பேசு என்று கேலி செய்தது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்றார். புலவர் நஞ்சப்பன் தன் நோட்டைக் கொண்டுவந்து எல்லார் முன்பும் கிழித்தார். ஒரு தரப்பைக் கேளாமல் சொன்னது தீர்ப்பாகாது என்றார். பங்குனியில் மூன்று நாள் ஓலப்பாளையம் தன் டிரம் முழுவதையும் நிறுத்தியது. ஆடிக்கும் அறுந்த மின்கம்பிக்கும் தவிர ஒன்றாக நின்றறியாத தறிகள் நின்றன. பாத்திரத்தைத் துணி விரித்து அதன் மேல் வைத்தார்கள். கதவுக்குத் தேங்காய் நார் செருகினார்கள். துவைக்கிற கல்லில் ஒருத்தியும் துணியை ஓங்கி அடிக்கவில்லை, உலக்கை விழவில்லை, பள்ளிக்கூட மணியை ஹெட்மாஸ்டர் கையால் பொத்திக்கொண்டு ஆட்டினார், இரண்டாயிரம் குடும்பம் மூன்று நாள் நுனிக்காலில் நடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்த ஊரின் மேல் எனக்கு வருகிற மரியாதையைச் சொல்லி முடியாது. ஒரு மனிதர் ஒரு பேச்சைக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு ஊர் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது, அது நடக்கவே இல்லையென்றாலும் அதை நினைத்துச் சொன்ன ஒருவன் அந்த ஊரில் இருந்திருக்கிறான்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பூபதி துறையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, தன் சிறுவன் குரலில் ஊர் கேட்கப் பேசினார்.

"நான்தான் சொன்னேன். வாயிருக்குதுன்னு சொல்லிட்டேன். உனக்குத்தான் உசுரு, ஒத்துக்கறேன். வா சாமி. வந்து சொல்ல வேண்டியவருக்குச் சொல்லு."

கரையில் சென்னியப்பன், "அதான் தோத்துட்டேன்னு சொல்றானல்ல, வந்துரு" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

படியில் இருந்த குடங்களின் தண்ணீரில் வட்டம் வந்தது. பிறகு அது ஏறி வந்தது, போன மாதிரியே, அவசரமில்லாமல், மேய்ந்துவிட்டுத் திரும்புகிற நடையில், பூபதியின் தோளை உரசிக்கொண்டு, படியேறி, தெருவைக் கடந்து மண்டபத்துக்குள் போனது. அங்கே ஒயர் மாட்டாத ஊஃபர்கள் நான்கும் முழங்கின. அர்த்தநாரியை மட்டும் உள்ளே விட்டுவிட்டு ஊர் வாசலில் நின்றது. ஊருக்கு வெறும் முழக்கம்தான் கேட்டது, ஒரு சொல்லும் பிரியவில்லை. அவர் மேடைப் பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கேட்டார். இரண்டாவது நிமிடத்தில் அழுதார் என்றும், மூன்றாவதில் சிரித்தார் என்றும், நான்கு நிமிடமும் முடிந்ததும் எழுந்து மகளைப் பார்த்து வலது கையை நீட்டி, இல்லாத ஒரு பிடியைப் பற்றித் தன் பக்கமாக இழுத்தார் என்றும் பூபதி சொல்வார். தறிச் சத்தத்தில் பேச முடியாத ஊரில் அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான். தறியை ஓட்டு.

சித்திரையில் தாரணி கிளம்பினாள். பூபதியின் மகனுக்குப் பவானியில் பெண் எடுத்தார்கள்.

போன மாதம் தாரணி லீவில் வந்தவள் என் கடையை எட்டிப் பார்த்தாள். பேச்சுவாக்கில், அந்த நான்கு நிமிடத்தை எங்கே பதிவு செய்தாய், ஓலப்பாளையத்தில் சத்தமில்லாத இடம் ஏது என்று கேட்டேன்.

"பூபதி மாமா பட்டறைலதாங்ண்ணா, ஞாயித்துக்கெழம லீவுல. அவருதான் மைக்கெல்லாம் மாட்டிக் குடுத்தாரு."

"அவரும் கூட இருந்தாரா?"

"சே, இல்லீங். நீ பேசு கண்ணுன்னு ஷட்டரப் பாதி எறக்கிட்டு வெளிய போயிட்டாரு."

அவள் போன பிறகு அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஒன்பது வருடமாக நான் சந்தேகித்தது எல்லாம் எருமை போல நடந்த ஒரு சத்தத்தைத்தான். அந்த மனிதரை ஒரு முறையும் சந்தேகிக்கவில்லை. பாதி ஷட்டருக்கு வெளியே நின்று அவள் பேசியதை அவர் கேட்டிருந்தால், பட்டிமன்றத்தில் தான் எதை விரட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் விரட்டியதைத் திரும்ப அழைத்தவர் ஒரு நல்ல மனிதர். தெரிந்தே விரட்டிவிட்டு, பிறகு தன் மகனுக்கு என்று இருந்த பெண்ணை அனுப்பி வைக்கத் தானே தண்ணீரில் இறங்கி அழைத்தவர் என்றால், அவரை என்னவென்று சொல்வது, அந்த இரண்டாவது ஆளாக இருந்திருந்தால் நான் தண்ணீரில் இறங்கியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதம் பூபதி வந்தார். டீ வந்தது. வழக்கம் போல, "நானும் என்ற வாயும்" என்று அந்தப் பட்டிமன்றத்திலிருந்து ஆரம்பித்தார். நான் கையிலிருந்த காயிலைக் கீழே வைத்தேன்.

"பூபதி, அந்த ஞாயித்துக்கெழம அந்தப் புள்ள பேசறப்ப, நீங்க ஷட்டருக்கு வெளிய எவ்வளவு தூரத்துல நின்னீங்க?"